வாயை மூடிக்கொண்டு பூசிய கருப்பு

கனாய்வா துறைமுகத்தில் ஷிகேயின் கோபத்தைக் கேள்விப்படாதவர்கள் கிடையாது. தெருமுனையில் அவள் குரல் கேட்டால் போதும், தோஃபு விற்பவன் காவடியைத் தோள் மாற்றிக்கொண்டு அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுவான். முந்தின நாள் அவன் கொடுத்த தோஃபு புளித்திருக்கும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஊர் அவளைச் சண்டைக்காரி என்றது. ஊர் எதைத்தான் சொல்லாது? அவள் போட்ட சண்டைகளில் முக்கால்வாசி நியாயமானவை. அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு, சண்டை போட்டே தீர வேண்டிய ஒரு நாளில் சும்மா இருந்ததுதான்.

கண்ணாடிப் படங்களுக்கு முதுகு கட்டுவது அவள் வேலை. கணவன் ஹான்பேய் படம் பிடிப்பான். கண்ணாடித் தகட்டில் மருந்து ஈரம் காய்வதற்குள் பிடித்து, கழுவி, அவள் கையில் கொடுத்துவிட்டு, புகையிலைக் குழாயோடு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவான். அந்த நிலையில் தகட்டைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. கண்ணாடியில் நீர்த்த பாலைச் சிந்தினது மாதிரி இருக்கும். பின்னால் கருப்பு வைத்தால்தான் அதிலிருந்து ஆள் எழுந்து உட்காருவான். ஷிகே பூசை மாடங்களுக்குக் கருப்பு அரக்கு பூசும் வீட்டில் பிறந்தவள். கருப்பை எப்படி நடத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். வாசல் பலகையில் என்னவோ ஹான்பேயின் பெயர் மட்டும்தான் இருந்தது.

தகட்டுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் படம் ஒட்டியிருக்கும், வெங்காயச் சருகைவிட மெல்லிசாக. நகம் பட்டால் கிழியும். அதைத் தோல் பக்கம் என்பாள். மறுபக்கம் வெறும் கண்ணாடி. முதலில் தோலின்மேல் மரப்பிசின் வார்னிஷை ஊற்றி ஓடவிட்டு, கரி அடுப்பின் சூட்டில் காட்டிக் காயவைப்பாள். அப்புறம் தார் மாதிரியான கருப்புக் கீலைக் கண்ணாடிப் பக்கத்தில் பூசுவாள். தோலின் நான்கு ஓரங்களிலும் தடித்த காகிதக் கீற்று வைத்து, அதன்மேல் இன்னொரு சுத்தமான கண்ணாடியை மூடுவாள். கீற்று இருப்பதால் மேல்கண்ணாடி தோலைத் தொடாது. ஓரங்களை மாவுப்பசைக் காகிதத்தால் சுற்றி ஒட்டி, கிரி என்ற லேசான மரத்தில் செய்த பெட்டிக்குள் இறக்கிவிட்டால், எந்த மழைக்காலமும் உள்ளே இருப்பவரைத் தொட முடியாது.

இதில் ஒரே ஒரு சங்கடம். தோல் பக்கமாகப் பார்க்கிற படத்தில், முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல, இடது வலதாகத் தெரியும். வெள்ளைக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. கிமோனோ கட்டுகிறவர்களுக்கு அது உயிர் போகிற விஷயம். இடது மடிப்பு மேலே வந்தால் உயிரோடு இருப்பவர். வலது மடிப்பு மேலே வந்தால் குளிப்பாட்டிக் கிடத்தியிருக்கும் பிணம். அதனால் படத்துக்கு உட்காருகிறவர்களை எல்லாம் ஹான்பேய் முன்கூட்டியே மடிப்பை மாற்றிக் கட்டிக்கொள்ளச் சொல்வான். “வலத மேல போடுங்க, படத்துல சரியாயிடும்.” வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, தும்மல் மாதிரி அவன் வாயில் தானாக வரும் வாக்கியம் அது.

மெய்ஜி மன்னர் காலத்துப் பதினான்காம் வருஷம், வடக்கே மீன் வாங்கப் போகும் கப்பல்கள் புறப்படுகிற வசந்த காலத்தில், ஹான்பேய் ஒசாகாவுக்குப் போய்விட்டுப் புது யோசனையோடு திரும்பி வந்தான். கருப்பைத் தோல் மேலேயே பூசிவிட வேண்டியது. படத்தைத் திருப்பி, கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டியது. படத்தின் கண்ணாடியே படத்துக்குக் காவல். மேல்கண்ணாடியும் வேண்டாம், பிசின் வார்னிஷும் வேண்டாம். கையிருப்பில் இருந்த மேல்கண்ணாடிகளை மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தேநீர்க்கடைக்காரனுக்கு ஜன்னல் போடவென்று விற்றுவிட்டுத்தான் வீட்டுக்குள்ளேயே வந்தான்.

“தோல் மேலயே கீலப் பூசுறதா?” என்றாள் ஷிகே. “கீல் காஞ்சா சுருங்கும். சுருங்கினா வெடிக்கும். வெடிக்கும்போது மூஞ்சியையும் பிச்சுக்கிட்டு வரும்.”

“ஒசாகாவுல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.”

“ஒசாகாக்காரன் படம் வாங்கினவன மறுபடி பாக்கவே மாட்டான். நாம இதே தெருவுல குடியிருக்கணும்யா!”

சண்டை சூடு பிடித்த நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. யாஹேயும் அவன் மனைவி தாகியும் வந்து நின்றார்கள். யாஹேய் கப்பல்காரன். போன அறுவடைக்குப் பிறகுதான் கல்யாணம். மறுநாள் விடியற்காலையில் அவன் கப்பல் வடக்கே கிளம்புகிறது. இலையுதிர்காலம்வரை முகத்தைப் பார்க்க முடியாது, அதனால் ஒரு படமாவது வேண்டும் என்று தாகி பிடிவாதமாகக் கூட்டி வந்திருந்தாள்.

வாடிக்கைக்காரர்கள் முன்னால் மனைவி கத்துவது ஹான்பேய்க்கு அவமானமாகிவிட்டது. தலையில் இருந்த மேல்நாட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னான்: “உன் வேலை கருப்பு பூசறது. வாய மூடிட்டு அத மட்டும் பூசு.”

யாஹேய் தரையைப் பார்த்தான். தாகி பாவம், கையிலிருந்த மோச்சி அரிசிக் கொழுக்கட்டைப் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். ஷிகேயின் காது மடல் சிவந்தது. சரி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் உள் அறைக்குப் போய்க் கதவைத் தள்ளி மூடினாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஹான்பேய் நாற்காலியை இழுத்தான். தலை ஆடாமல் இருக்கக் கழுத்துக்குப் பின்னால் இரும்பு முட்டு கொடுத்தான். பிறகு அந்தத் தும்மல் வந்தது.

“தம்பி, வலத மேல போட்டுக்கப்பா. படத்துல சரியாயிடும்.”

“ஐயோ வேணாங்க,” என்றாள் தாகி. “நாளைக்குக் கடலுக்குப் போறவரு. இன்னிக்குப் போய் அப்படிக் கட்டுறதா?”

“எல்லாரும் அப்படித்தாம்மா உக்காருறாங்க. கோயில் குருக்களே அப்படித்தான் உக்காந்தாரு.”

யாஹேய் சிரித்தான். “விடுடி. அண்ணன் பத்து எண்ற வரைக்கும் செத்துக் காட்டுறேன். அப்புறம் எழுந்து வந்து மோச்சி திங்கிறேன்.”

“வாயக் கழுவு மொதல்ல!” தாகி அவன் தோளில் அடித்த சத்தம்கூடக் கேட்டது.

புது முறையில் பூசப்போகிற முதல் தகடு அது. புது முறையில் மடிப்பை மாற்றத் தேவையில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் இருப்பது இருந்தபடியே தெரியும். ஒசாகாவில் கருப்பைக் கற்றுக்கொண்டு வந்தவன் இதை யோசிக்கவில்லை. கை புது வேலையைப் படித்துவிட்டது, வாய் பழைய வாக்கியத்தையே சொன்னது. ஷிகேயும் அப்போது அதைக் கவனிக்கவில்லை. கோபத்தில் காதில் விழுகிறது மனசில் இறங்குமா?

சாயங்காலம் கீல் காய்ந்தது. தகட்டைத் திருப்பினாள். யாஹேய் நன்றாக விழுந்திருந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்ட வாய், முழங்கால் மேல் விரித்து வைத்த பெரிய கைகள். கழுத்துக்குக் கீழே வலது மடிப்பு மேலே இருந்தது.

பார்த்த உடனேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கப்பல் இன்னும் துறையில்தான் நின்றது. யாஹேய் வீடு கூப்பிடு தூரம். ஓடிப்போய் ஒரு குரல் கொடுத்திருந்தால், வெளிச்சம் சாய்வதற்குள் இன்னொரு படம் பிடித்திருக்கலாம். அவள் குரல் கொடுக்கவில்லை. வாய மூடிட்டுப் பூசு என்றானே, பூசியாயிற்று. நாளைக்குப் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது அந்தத் தொப்பிக்காரன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. அவன் திறந்து பார்ப்பான் என்று நம்பினாளா, பார்க்காமலே கொடுத்து அசிங்கப்படட்டும் என்று நினைத்தாளா என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு அவளால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. தகட்டைப் பெட்டியில் இறக்கி, கயிறு கட்டி, அலமாரியில் வைத்தாள்.

ஹான்பேய் திறந்து பார்க்கவில்லை. மூடியில் பெயரையும் வயதையும் முன்பே அழகாக எழுதி வைத்திருந்தான். கப்பல் போன மறுநாள், பொதுக் குளியலுக்குப் போகிற வழியில், பெட்டியைத் தாகி வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு கிண்ணம் சாக்கே மதுவும் குடித்துவிட்டு வந்தான்.

அடுத்த நாள் காலையில் நல்ல மழை. தாகி குடைகூட இல்லாமல் வந்தாள்.

“ஹான்பேய்! வெளிய வாய்யா!”

பெட்டியைப் பாயில் வைத்து மூடியைத் திறந்தாள். ஹான்பேய் குனிந்து பார்த்தான். முதலில் முகம் வெளுத்தது, அப்புறம் வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது.

“உன் புருஷன் மாத்திக் கட்டியிருக்கான். அதுக்கு நான் என்ன பண்றது?”

“நீ சொல்லித்தானே கட்டினாரு! நான் வேணாம்னு சொன்னேன். கோயில் குருக்களே உக்காந்தாருன்னு நீதானே சொன்னே!”

“அப்படின்னா பூசினவ பக்கம் மாத்திப் பூசிட்டா. உள்ள இருக்கா, அவளக் கேளு.”

ஷிகே கருப்புக் கையோடு வெளியே வந்தாள். “எந்தப் பக்கம் பூசச் சொன்னே? தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லு. சொல்லுய்யா! ஒசாகாவுல எல்லாரும் என்ன பண்றாங்கன்னு சொன்னே?”

“சொன்னா யோசிக்கத் தெரியாதா உனக்கு?”

“யோசிக்கவா சொன்னே? வாய மூடச் சொன்னே!”

மழையையும் பொருட்படுத்தாமல் எதிர்வீட்டுக் கூரைக்கடியில் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கத்துவதில் தாகி ஒருத்தி நிற்கிறாள் என்பதே மறந்துபோயிற்று. அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஷிகேயின் கைகளில் அவள் பார்வை நின்றது.

“நீ பூசினே,” என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. “காஞ்சதும் திருப்பிப் பாத்திருப்பே இல்ல? பாத்தியா?”

ஷிகேக்குப் பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

“பாத்தேன்.”

“எப்போ?”

“அன்னிக்குச் சாயங்காலமே.”

“அப்போ அவரு ஊர்லதான் இருந்தாரு.”

“ஆமா.”

“வீட்லதான் இருந்தாரு. கஞ்சி குடிச்சிட்டு, ஊறுகா முள்ளங்கி நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு.” தாகி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “மாமியா படத்த உள்ள வெக்க விடல. ராத்திரி பூரா தாழ்வாரத்துல சாரல்ல கெடந்துச்சு. அழுதா, அழாதடி, அழுதா நடந்துடும்ங்கறா. ஒங்க ரெண்டு பேரு சண்டைக்கு எம் புருஷன்தான் கெடச்சானா?”

ஊரில் எத்தனையோ பேர் ஷிகேயைத் திட்டியிருக்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்பதாக வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். இந்த முறை தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது, ஹான்பேய் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

“திருப்பிடறேன்,” என்றாள். “கீல எடுத்துட்டு மறுபக்கம் பூசறேன். அப்புறம் தோல் பக்கமாப் பாத்தா மடிப்பு சரியாயிடும்.”

“முடியாது,” என்றான் ஹான்பேய். “கீல எடுத்தா தோலும் கூட வந்துடும். வெறும் கண்ணாடிதான் மிஞ்சும். விடும்மா. தம்பி ஊர் திரும்பினதும் காசு வாங்காம வேற ஒண்ணு எடுத்துத் தரேன்.”

“திரும்பினதும்ங்கற வார்த்தைய உன் வாயால சொல்லாதே!” என்று சீறினாள் தாகி.

ஹான்பேய் சொன்னது பொய்யில்லை. தோலின்மேல் பிசின் வார்னிஷ் இருந்தால் பிழைத்தது. டர்பன்டைன் கீலைக் கரைக்கும், பிசினைக் கரைக்காது. பிசின் இல்லாவிட்டால் கீலோடு யாஹேயும் பஞ்சில் ஒட்டிக்கொண்டு போய்விடுவான். புது முறையில் பிசின் வேண்டாம் என்று ஹான்பேய் சொல்லியிருந்தான். கை பழக்கத்தில் அன்றைக்கும் ஊற்றினாளா, இல்லை கோபத்தில் நேராகக் கீல் தூரிகையை எடுத்துவிட்டாளா? எவ்வளவு யோசித்தும் ஷிகேக்கு நினைவு வரவில்லை. அந்த மத்தியானத்தில் அவளுக்கு நினைவிருந்ததெல்லாம் அந்தத் தொப்பி மட்டும்தான்.

அதை அப்படியே தாகியிடம் சொன்னாள். “நெசத்தச் சொல்லிடறேன். ஊத்தியிருந்தா உன் புருஷன் தப்பிச்சான். ஊத்தலேன்னா மூஞ்சி போயிடும். எனக்கு ஞாபகம் இல்ல. வேணாம்னா பெட்டிய மூடி எடுத்துட்டுப் போ.”

தாகி பெட்டியை ஷிகே பக்கம் தள்ளினாள். “இப்படியே வெச்சிருந்தா என்னால அந்த மூஞ்சியப் பாக்க முடியாது,” என்றாள். “எடு. ஆனா நான் இங்கயே உக்காந்திருப்பேன்.”

ஈரத் துணியோடு உள் அறையில் வந்து உட்கார்ந்தாள். ஷிகே அடுப்பை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தாள். அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தகட்டைக் கீல் மேலே வருமாறு துணியில் படுக்க வைத்து, பஞ்சை டர்பன்டைனில் நனைத்து, மேல் மூலையில், படத்தில் யாஹேயின் பின்னால் தொங்கிய திரைச்சீலை இருக்கும் இடத்தில் வைத்தாள். தேய்க்கவில்லை. வைத்து, பொறுத்து, எடுத்தாள். பஞ்சு கருத்தது. அடியில் தோல் அசையாமல் இருந்தது. ஊற்றியிருக்கிறாள்! அவளுக்குத் தெரியாமல் அவள் கை ஊற்றியிருக்கிறது. ஆனாலும் நம்பிவிட முடியவில்லை. கோபத்தில் ஊற்றியதாயிற்றே, எல்லா இடத்துக்கும் ஓடவிட்டாளோ என்னவோ.

திரைச்சீலை போயிற்று. தோள் வந்தது. கீழ் மூலைக்கு வந்தபோது பஞ்சு ஒட்டிக்கொண்டு இழுத்தது. எடுத்துப் பார்த்தாள். கருப்புக்கு நடுவில் சாம்பல் நிறமாக ஒரு சருகு.

“என்ன அது?” என்று எழுந்தாள் தாகி. “பஞ்சுல என்ன?”

“கை. கடைசி ரெண்டு வெரல்.”

தாகி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அந்த மூலைக்குப் பிசின் ஓடல. நிறுத்தவா?”

“இன்னும் மூஞ்சி இருக்கு இல்ல?”

“இருக்கு.”

“அப்ப மூஞ்சிக்குப் போ. நிறுத்தாதே.”

முகத்தின் மேல் பஞ்சை வைத்தபோது ஷிகே கண்ணை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டு ஹான்பேயைத் திட்டினாள், வாய்விட்டே திட்டினாள். அவன் பரம்பரையை, அவன் ஒசாகாவை, அவன் புகையிலைக் குழாயை. பிறகு தன்னையும் அதே வார்த்தைகளால் திட்டிக்கொண்டாள். கண்ணைத் திறந்து பஞ்சை எடுத்தாள். யாஹேய் இருந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்படியே இருந்தான்.

கீல் முழுவதும் போனபின் தகட்டைத் துடைத்து, அந்த மூலைக்கும் சேர்த்துப் பிசினை ஊற்றிச் சூடு காட்டி, கண்ணாடிப் பக்கத்தில் புதிதாகக் கருப்பு பூசினாள். காய்ந்ததும் தோல் பக்கமாகத் திருப்பினாள். இடது மடிப்பு மேலே இருந்தது. தாகியின் தோள் அப்போதுதான் இறங்கியது.

“இப்ப மேல்கண்ணாடி வேணும்,” என்றாள் ஷிகே. தோல் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த ஊர் உப்புக் காற்றுக்கு ஒரு மழைக்காலம் தாங்காது. “யோவ், மேல்கண்ணாடி எங்க?”

வாசலில் ஹான்பேய் புகையிலைக் குழாயைத் தட்டினான். அவைதான் தேநீர்க்கடை ஜன்னலில் இருக்கின்றனவே. அடுத்த சரக்கு ஒசாகாவிலிருந்து வரக் கோடை பிறந்துவிடும்.

ஷிகே எழுந்து முன்னறைக்குப் போனாள். உள்ளே நுழைகிற யாரும் முதலில் பார்ப்பதுபோல ஹான்பேயின் சொந்தப் படம் அங்கே சாய்த்து வைத்திருந்தது. யோகொஹாமாவில் ஒரு பருவம் வேலை கற்றபோது எடுத்தது. தொப்பி, கைத்தடி, முழங்கை ஊன்றிய சிறு தூண். அதே அளவு கண்ணாடி, அதைவிட நல்ல கண்ணாடி. ஷிகே சட்டத்திலிருந்து அதை உருவினாள்.

“ஏய்! என்ன பண்றே? அது யோகொஹாமாவுல எடுத்தது!”

“தெரியும்.”

“அது ஒண்ணுதான்டி இருக்கு!”

“இவளுக்கும் அது ஒண்ணுதான் இருந்துச்சு.” சாம்பல் கரைத்த வெந்நீர்த் தொட்டியில் தகட்டை அமுக்கினாள். “நீதான் இங்கயே இருக்கியே. தெனமும் உன்னைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். படம் எதுக்கு உனக்கு?”

தோல் உப்பி எழுந்தது. கத்தியின் முதுகால் ஒரே இழுப்பு. கைத்தடி போயிற்று, தூண் போயிற்று, தொப்பி கடைசியாகக் கொஞ்சம் அடம்பிடித்துவிட்டுப் போயிற்று. ஹான்பேய் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வந்து தடுக்க அவனுக்குத் தைரியம் இல்லை. ஷிகே கண்ணாடியின் கருப்பையும் டர்பன்டைனால் கழுவி, சுண்ணாம்புத் தூளால் துலக்கி, மூச்சு ஊதிப் பார்த்து, யாஹேயின்மேல் மூடினாள். காகிதக் கீற்று, மாவுப்பசை, பெட்டி, கயிறு.

தாகி பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள். “இதோட சரியாப்போச்சுன்னு நெனச்சுக்காதே.”

“நெனக்கல,” என்றாள் ஷிகே.

இலையுதிர்காலத்தில் கப்பல்கள் உலர்ந்த மீனும் கடற்பாசியுமாக ஒவ்வொன்றாகத் திரும்பின. யாஹேய் போன கப்பல் திரும்பவில்லை. முதல் பனி விழுந்தும் திரும்பவில்லை. தாகியின் மாமியார் கிணற்றடியில் ஆரம்பித்த பேச்சு ஊரைச் சுற்றி வந்தது: உயிரோடு இருந்தவனைப் பிணமாகக் கட்டிப் படம் பிடித்தார்கள், அதற்குக் கருப்பும் பூசினார்கள், கடல் எடுத்துக்கொண்டது. கடைக்கு ஆள் வருவது நின்றது. ஒரு நாள் காலையில் வாசல் கதவில் மீன் குடல் வழிந்துகொண்டிருந்தது. ஹான்பேய் சாக்கேக் கடையில் உட்கார்ந்து, எல்லாம் என் பெண்டாட்டி பண்ணின வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேள்விப்பட்ட ஷிகே கடைக்கே போய் அவன் தலையில் குடுவையைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். ஆனால் மீன் குடலைத் தண்ணீர் ஊற்றித் தானே கழுவினாள். யார் எறிந்தது என்று கேட்டுத் தெருவில் நின்று ஒரு சத்தமும் போடவில்லை. அதுதான் ஊருக்கு ஆச்சரியம்.

பனிக்காலத்தில் ஒரு முறை தாகி வந்தாள். பெட்டியைத் திறந்து, காகித ஓரம் ஒன்று பிரிந்திருந்ததைக் காட்டினாள். ஷிகே ஒட்டிக் கொடுத்தாள்.  அவள் போனபின் ஷிகே அப்பா வீட்டுக்குப் போய், பூசை மாடக் கதவுக்கென்று அரக்கு பூசி வைத்திருந்த மெல்லிய கருப்புப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். பழைய தகடு ஒன்றைத் தோல் உள்பக்கமாக வைத்து, கீற்றுகளால் இடைவெளி விட்டு, பின்னால் அந்தப் பலகையை நிறுத்திப் பார்த்தாள். தகட்டின் கண்ணாடியே முன்னால் காவல். தோலைக் கீலும் தொடவில்லை, காற்றும் தொடவில்லை. இடது இடதாகவே இருந்தது. இதை முன்பே யோசித்திருக்கக் கூடாதா என்று பலகையைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

பனி உருகியபின் கப்பல் வந்தது. வடக்கே பாய்மரம் முறிந்து, ஒரு மீனவக் கிராமத்தில் குளிர்காலம் முழுக்க ஒதுங்கிக் கிடந்திருக்கிறார்கள். யாஹேய் தாடியும் மீன் நாற்றமுமாக இறங்கினான். மறுநாள் தாகியோடு கடைக்கு வந்தான். தாகி வாசலைத் தாண்டி வரவில்லை.

“அக்கா!” என்று உரக்கச் சிரித்தான் யாஹேய். இடது கையை விரித்து நீட்டினான். “என் ரெண்டு வெரல எங்க வெச்சிருக்கீங்க? இங்க எல்லாம் இருக்கே!”

ஷிகே அந்தக் கையைப் பார்த்தாள். ஐந்து விரலும் இருந்தன. 

“கதை பூரா கேட்டேன்,” என்றான் அவன், ஹான்பேய் பக்கம் கண்ணடித்துக்கொண்டு. “ஒரு துணி மடிப்புக்கு இவ்ளோ கூத்தா? இத்தனூண்டு விஷயத்துக்குப் போயி…”

“இத்தனூண்டு விஷயமா?” தாகி வாசலிலிருந்து உள்ளே பாய்ந்தாள்.

“எதுய்யா இத்தனூண்டு?” என்று ஷிகே எழுந்தாள்.

“ஒரு வருஷமா ஒன் ஆத்தா கிட்ட நான் பட்டது ஒனக்குத் தெரியுமா? சோத்துல கை வெச்சா, புருஷன முழுங்கினவன்னு—”

“இந்தப் பொண்ணு மழையில நனஞ்சுக்கிட்டு வந்து நின்னா, நான் பஞ்ச வெச்சுட்டு உசுரக் கையில புடிச்சுக்கிட்டு—”

“செத்துக் காட்டறேன்னு சொன்ன வாய்தானே இது!”

“கப்பல்காரனாம் கப்பல்காரன், ஒரு சேதி அனுப்பத் துப்பில்ல!”

யாஹேய் பின்வாங்கிப் பின்வாங்கி ஹான்பேய் மேல் போய் முட்டினான். ஹான்பேய் ஏற்கெனவே படம் பிடிக்கும் பெட்டியின் கருப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தான். இரண்டு பெண்களும் மூச்சு வாங்க நின்றார்கள். பிறகு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துவிட்டு, சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஹான்பேய் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, “வலத—” என்று ஆரம்பித்தான்.

“எப்பவும் எப்படிக் கட்டுவாங்களோ அப்படியே உக்காரட்டும்,” என்றாள் ஷிகே. அவன் தலை மறுபடியும் உள்ளே போயிற்று.

தகடு கழுவி வந்தது. ஷிகே பிசினை ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடுகிறதா என்று சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, சூடு காட்டினாள். பெட்டியில் அரக்குப் பலகையை வைத்தாள், கீற்றுகளை வைத்தாள், தகட்டைத் தோல் உள்ளே போக இறக்கினாள். மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

“தாகி, இங்க வா.”

தாகி உள்ளே வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். கண்ணாடிக்குள் யாஹேய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவன் பக்கத்தில் அவள். இரண்டு பேருக்கும் இடது மடிப்பு மேலே. விரல்கள் எல்லாம் இருந்தன. தாகி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“நல்லாப் பாத்தியா?”

“நல்லாப் பாத்தேன்.”

“அப்ப மூடு.”

ஷிகே பெட்டியை மூடினாள்.